வெண்ணெய் மாகாணத்தில் மாரடைப்பு: வட கரேலியாவில் இறப்பு விகிதம் இறங்கிய வரலாறு

மாரடைப்பு வசதி படைத்தவர்களின் நோய், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களைத் தேடி வருவது என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவர்களிடமே வலுவாக இருந்தது. பின்லாந்தின் கிழக்கு எல்லையில், அன்றைய சோவியத் ஒன்றியத்தை ஒட்டிக் கிடந்த வட கரேலியா மாகாணம் இந்த எண்ணத்துக்குச் சற்றும் ஒத்துவரவில்லை. ஏழை மாகாணம். ஊசியிலைக் காடுகளும் ஏரிகளும் சிறு பண்ணைகளும் நிறைந்த நிலம். மரம் வெட்டியும் காடு திருத்தியும் பிழைத்த, உடம்பில் ஊளைச்சதை இல்லாத ஆண்கள் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். 1969–71 காலத்தில் அங்கே 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஆண்களில், 1 லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 670 பேர் இதயத் தமனி நோயால் இறந்தனர். 2006இல் அதே வயதினரிடம் இந்த எண்ணிக்கை 100ஐ ஒட்டி வந்துவிட்டது. ஒரு தலைமுறைக்குள் ஏறக்குறைய 85 சதவீத வீழ்ச்சி.

பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் இதை ஒரு திட்டத்தின் வெற்றிக் கதையாகவும், பெரும்பாலும் ஒரே மருத்துவரின் வெற்றிக் கதையாகவும் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆதாரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. இறப்பு விகிதத்தை இறக்கியதில் மருத்துவமனையின் பங்கு சிறிது. பால் பண்ணை, கடை, அடுப்பங்கரை ஆகியவற்றின் பங்கு பெரிது. சண்டைகளும் அங்கேதான் நடந்தன. இந்தக் கட்டுரை அந்த வழியைத்தான் தேடிப் போகிறது.

போருக்குப் பிந்தைய சாப்பாடு

1939 முதல் 1944 வரை பின்லாந்து சோவியத் ஒன்றியத்துடன் இருமுறை போரிட்டது. கரேலியப் பகுதியின் பெரும்பங்கை இழந்தது. அங்கிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு உள்நாட்டுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கும் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் அரசு நிலம் பிரித்துக் கொடுத்தது. கொடுத்ததில் பாதி காடு. அதை வெட்டித் திருத்தி, நாலைந்து மாடும் சில பன்றிகளும் வைத்துக்கொண்டு பிழைப்பதே அன்றைய வழி. அந்தக் குளிரில் தானியத்தைவிடப் புல் நன்றாக விளைந்தது. புல் விளைந்தால் பால். பால் இருந்தால் வெண்ணெய்.

பஞ்சமும் பங்கீடும் பார்த்து வந்த தலைமுறைக்கு வெண்ணெய் ஊட்டத்தின் அடையாளம், வளத்தின் அடையாளம். ரை ரொட்டியில் வெண்ணெயைத் தடிமனாகத் தடவுவார்கள். உணவோடு குடிப்பது கொழுப்பு எடுக்காத பால். கரேலியாவின் பேர்போன குழம்பு, கொழுப்புள்ள பன்றியிறைச்சியையும் உப்பையும் தண்ணீரில் போட்டு அடுப்பில் மணிக்கணக்கில் வேகவிட்டது. அரிசிக் கஞ்சியை உள்ளே வைத்துச் சுட்ட மெல்லிய ரை அப்பத்தின் மேலும் வெண்ணெயில் பிசைந்த முட்டை. காப்பித்தூளை நேரே தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டாமல் தெளியவைத்துக் குடித்தார்கள். அப்படிக் குடிக்கும் காப்பியில் கொலஸ்ட்ராலை ஏற்றும் பொருள் தங்கிவிடுகிறது என்பது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. காய்கறியைப் பல ஆண்கள் மாட்டுத் தீவனத்துக்குச் சமமாக நினைத்தார்கள். போர்முனையில் ஒட்டிக்கொண்ட சிகரெட் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. யாரும் சோம்பேறிகள் இல்லை, யாரும் ஊதாரிகள் இல்லை. கிடைத்ததை, மதித்ததைச் சாப்பிட்டார்கள்.

எண்ணத் தொடங்கியவர்கள்

அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வுதான் இந்தச் சாவுகளை உலக அட்டவணையில் ஏற்றியது. ஏழு நாடுகளில் 16 குழுக்களாக, 40 முதல் 59 வயதுள்ள 12,763 ஆண்கள். பின்லாந்தில் ஆய்வை நடத்தியவர் மார்ட்டி கார்வோனென். 1959இல் அவர் நாட்டின் கிழக்கில் ஒரு குழுவும் மேற்கில் ஒரு குழுவும் அமைத்தார். கிழக்குக் குழு வட கரேலியாவின் இலோமான்ட்சி வட்டாரத்தைச் சேர்ந்தது. தொடர்ந்து கணக்கெடுத்தபோது 16 குழுக்களிலும் இதயத் தமனி நோய்ச் சாவு மிகுந்தது அந்தக் கிழக்குக் குழுவில்தான். வெகு குறைந்த குழுக்களில் ஒன்று கிரேக்கத் தீவான கிரீட்டிலிருந்து வந்தது. இரண்டுமே கிராமம், இரண்டுமே உடலுழைப்பு.

ஏழு நாடுகள் ஆய்வைக் குறைகூறுவோர் இன்றும் உண்டு. எந்த நாடுகளைத் தேர்ந்தார்கள், ஏன் தேர்ந்தார்கள் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் வட கரேலியாவைப் பொறுத்தவரை அந்தக் குறை பெரிதாகப் பாதிப்பதில்லை; இறப்புகளின் எண்ணிக்கை கீஸின் கோட்பாட்டை நம்பி நிற்கவில்லை, தேவாலயக் கல்லறையில் யாரும் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருந்தது. அதே காலத்தில் ஹெல்சிங்கி அருகே இரு மனநல மருத்துவமனைகளில் இன்னொரு சோதனை நடந்தது (1959–71). ஒரு மருத்துவமனையில் பால் கொழுப்பை எடுத்துவிட்டுச் சோயா எண்ணெய் கலந்த பால். இன்னொன்றில் வழக்கமான சாப்பாடு. ஆறாண்டு கழித்து இடம் மாற்றினார்கள். எண்ணெய்ச் சாப்பாட்டுக் காலத்தில் கொலஸ்ட்ரால் இறங்கியது, இதயநோய்ச் சாவும் குறைந்தது. நோயாளிகள் வருவதும் போவதுமாக இருந்ததால் அதன் முறையியல் கறாரானதல்ல. ஆயினும் பின்லாந்து மருத்துவர்களுக்கு அது துணிச்சல் தந்தது.

ஒரு மனு

1971 ஜனவரியில் மாகாண ஆளுநர் எசா டிமோனென், மாகாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஊராட்சிகளின் பிரதிநிதிகள், பல அமைப்புகள் ஆகியோர் கையெழுத்திட்ட மனு ஒன்று ஹெல்சிங்கிக்குப் போனது. எங்கள் ஆண்கள் சாகிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்பது அதன் சாரம். பிற்கால ஆய்வேடுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இது அப்படிக் கடக்கக்கூடியதாகப் படவில்லை. பொதுவாகச் சுகாதாரத் திட்டம் தலைநகரிலிருந்து ஊருக்கு இறங்கும். இங்கே ஊர் கேட்டது. பின்னர் புகைப்பதை விடச் சொன்னபோதும் வெண்ணெயைக் குறைக்கச் சொன்னபோதும், கேட்டது நாங்கள்தானே என்ற கூச்சமும் உரிமையும் அம்மக்களிடம் இருந்திருக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையோடு திட்டம் வகுக்கப்பட்டு 1972இல் வேலை தொடங்கியது. தலைமை ஏற்றவர் பெக்கா புஸ்கா. முப்பது வயதுகூட நிரம்பாதவர். மருத்துவப் பட்டத்துக்கு முன்பே அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தார். அந்த அரசியல் படிப்பு பின்னால் நிறையக் கைகொடுத்தது. அனுபவம் மிக்க இதயநோய் நிபுணர் ஒருவரை அமர்த்தியிருந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுகள்தான் எழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

முதல் வேலை அளப்பது. 1913 முதல் 1947 வரை பிறந்தவர்களில் 6.6 சதவீதத்தினரை மக்கள் பதிவேட்டிலிருந்து குலுக்கலில் எடுத்தார்கள். அண்டை மாகாணமான குவோப்பியோவிலும் அப்படியே; அது ஒப்பீட்டு மாகாணம். அழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் வந்தார்கள். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் தனித்தனிப் பதிவேடுகள் திறக்கப்பட்டன. வட கரேலிய ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 6.9 மில்லிமோல், அதாவது நம் பரிசோதனைக் கூடங்கள் எழுதித்தரும் கணக்கில் டெசிலிட்டருக்கு 267 மில்லிகிராம். இன்று ஒருவருக்கு இந்த அளவு வந்தால் மருத்துவர் மாத்திரைச் சீட்டை எடுப்பார். அங்கே அது சராசரி. ஆண்களின் சராசரி இரத்த அழுத்தம் 149/92, பெண்களுடையது 153/92. ஆண்களில் 52 சதவீதத்தினர் புகைப்பவர்கள்.

இந்தச் சராசரிதான் திட்டத்தின் போக்கை முடிவுசெய்தது. கொலஸ்ட்ரால் மிகமிக அதிகமாக உள்ள சிலரைத் தேடிப்பிடித்து வைத்தியம் செய்யலாம். ஆனால் சாவுகளில் பெரும்பகுதி அவர்களிடமிருந்து வரவில்லை, நடுவில் திரண்டிருந்த பெருங்கூட்டத்திலிருந்து வந்தது. ஊர் முழுக்க நோயுற்றிருக்கும்போது தனியாள் வைத்தியத்தால் கணக்கு நேராகாது. ஆங்கிலேயத் தொற்றுநோயியலாளர் ஜெஃப்ரி ரோஸ் இந்தத் தர்க்கத்தைக் கோட்பாடாக எழுதியது 1985இல்தான். வட கரேலியா அதைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் செய்து பார்த்துக்கொண்டிருந்தது.

மார்த்தாக்களின் அடுப்பு

துண்டுப் பிரசுரத்தால் எதுவும் நகரவில்லை. நகர்த்தியவர்கள் மார்த்தா அமைப்பின் பெண்கள். 1899இல் தொடங்கப்பட்ட இந்த இல்லத்தரசிகள் அமைப்புக்குக் கிராமந்தோறும் கிளைகள் இருந்தன. நீண்ட ஆயுளுக்கான மாலைக் கூட்டம் என்ற பெயரில் ஊர்க்கூடங்களில் விருந்து வைத்தார்கள். திட்டத்து ஆள் சிறிது நேரம் பேசுவார். அதற்குள் பெண்கள் சமைத்துவிடுவார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சமைத்தது புதிய பதார்த்தம் எதுவுமல்ல. பழைய பன்றியிறைச்சிக் குழம்புதான். இறைச்சியையும் உப்பையும் குறைத்து, உருளைக்கிழங்கு, கேரட், நூல்கோலுக்கு நெருக்கமான மஞ்சள் கிழங்கு ஆகியவற்றை அள்ளிப் போட்டது. ருசித்துப் பார்த்தவர்கள் அதற்குப் புஸ்கா குழம்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மருத்துவரின் பெயர் குழம்புக்கு வந்த இடத்தில் பிரசாரம் முடிந்து பழக்கம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

ஊரில் யார் பேச்சுக்கு மதிப்பு என்று விசாரித்து, அப்படிப்பட்ட சாமானியர்கள் நூற்றுக்கணக்கானோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புதுப் பழக்கங்கள் ஆள்விட்டு ஆள் எப்படிப் பரவுகின்றன என்று எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸின் கோட்பாட்டை இவர்கள் படித்திருந்தார்கள். கடைக்கார அம்மாளிடம் போய்க் கொழுப்புக் குறைந்த பால் வைத்திருக்கிறீர்களா என்று நாலு பேர் கேட்டால் ஐந்தாவது நாள் வந்துவிடும் என்பது அந்தக் கோட்பாட்டின் கிராமத்து வடிவம். உள்ளூர் தொத்திறைச்சித் தயாரிப்பாளர் கொழுப்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காளான் சேர்த்தார், விற்பனை குறையவில்லை. 1972இன் தேசிய ஆரம்பச் சுகாதாரச் சட்டமும் சரியான நேரத்தில் வந்தது. அதன்படி ஊராட்சிகள் சுகாதார நிலையங்களை அமைத்தன. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களைச் செவிலியர்கள் பதிவேட்டில் சேர்த்து, விடாமல் அழைத்து அளந்தார்கள். இதய நோயைத் தடுத்ததில் இந்தச் செவிலியர்களின் பங்கு எழுதப்பட்டதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன்.

புகைப்பதை நிறுத்துவோர் குழுவாக ஸ்டூடியோவில் உட்கார்ந்து தங்கள் தவிப்பைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர் 1978இல் நாடு முழுக்க ஒளிபரப்பானது. 1976இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புகையிலைச் சட்டம் விளம்பரத்தைத் தடை செய்தது. பொது இடங்கள் பலவற்றில் புகைக்கவும் தடை வந்தது. 1990களில் கிராமங்களுக்கிடையே கொலஸ்ட்ரால் குறைப்புப் போட்டிகூட நடந்தது. முதலில் எல்லோருக்கும் இரத்தம் எடுத்து ஊர்ச் சராசரி கணக்கிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள். எதிரூரிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பு எந்த நாட்டுக் கிராமத்துக்கும் பொதுவானது போலும்.

வெண்ணெய்தான் கடினமான இடம். மாகாணத்தின் பொருளாதாரமே மாட்டை நம்பியிருந்தது. பாலுக்கு விலை அதிலிருந்த கொழுப்பின் அளவை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. ஆக, கொழுப்பைக் குறைக்கச் சொல்வது உழவனின் மடியில் கைவைப்பதற்குச் சமம். பால் துறை எதிர்த்தது. செய்தித்தாள்களில் வாதம் நடந்தது. பின்லாந்தில் இதைக் கொழுப்புப் போர் என்றே சொன்னார்கள். இதில் மருத்துவ வாதம் மட்டும் வென்றிருக்குமா என்பது ஐயமே. உழவனுக்கு மாற்று வழி திறந்தபோதுதான் இறுக்கம் தளர்ந்தது. பால் விலை காலப்போக்கில் கொழுப்பிலிருந்து புரதத்துக்கு மாறியது. வடகுளிரிலும் விளையும் கடுகு இன எண்ணெய் வித்தைப் பின்லாந்து ஆய்வாளர்கள் பயிர்ப்பெருக்கம் செய்து கொடுத்தார்கள்; உள்நாட்டு எண்ணெய் என்ற பெயர் அதற்கு மரியாதை சேர்த்தது. 1980களின் நடுவில் தொடங்கிய பழத் திட்டம் ஸ்ட்ராபெரி, பிளாக்கரன்ட் போன்ற சிறு பழங்களைப் பயிரிடவும் விற்கவும் பால் பண்ணையாளர்களுக்கு உதவியது. ரொட்டியில் வெண்ணெய் தடவுவது 1972இல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சிறுபான்மை வழக்கம்.

யாருடைய வெற்றி?

முதல் ஐந்தாண்டு முடிந்த 1977இல் மறுபடி அளந்தார்கள். குவோப்பியோவோடு ஒப்பிடுகையில் வட கரேலிய ஆண்களின் கணக்கிடப்பட்ட இதயநோய் ஆபத்து 17 சதவீதம் கூடுதலாகவும் பெண்களுடையது 11 சதவீதம் கூடுதலாகவும் இறங்கியிருந்தது. 1970களின் இறப்பு வீழ்ச்சியும் நாட்டின் பிற பகுதிகளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அதன்பின் குவோப்பியோவும் வேகமாக இறங்கத் தொடங்கியது. இரு மாகாணங்களின் கோடுகளும் நெருங்கி வந்தன.

ஐயப்படுவோருக்கு இது போதுமானதாக இருந்தது. திட்டமில்லாத மாகாணத்திலும் சாவு குறைகிறதென்றால் திட்டம் என்னத்தைச் செய்தது? ஒரே ஒரு மாகாணத்தோடு மட்டும் ஒப்பிட்டது, அதுவும் குலுக்கலில் தேர்ந்தது அல்ல என்ற விமர்சனமும் சரியானது. வட கரேலியா உச்சத்தில் இருந்தது; உச்சத்திலிருப்பது தானாகவும் இறங்கும். இதற்குப் புஸ்காவின் குழு சொன்ன மறுமொழி, 1977க்குப் பிறகு தொலைக்காட்சியும் சட்டமும் எண்ணெயும் நாடு முழுவதும் போய்விட்டன, ஆகவே ஒப்பீட்டு மாகாணம் என்ற ஒன்றே இல்லாமல் போனது என்பது. இரு தரப்பும் ஒரே உண்மையைத்தான் பேசுகின்றன என்பது என் வாசிப்பு. சோதனை என்ற அளவில் வட கரேலியா முதல் சில ஆண்டுகளுக்கு மேல் சாட்சி சொல்லாது. முதலில் சொன்ன 85 சதவீதத்தை அந்தத் திட்டத்தின் கணக்கில் அப்படியே வரவு வைப்பதும் தவறு. அது பின்லாந்து முழுவதும் நடந்த மாற்றத்தின் கிழக்குப் பக்கம்.

ஆனால் மாறியது என்ன என்ற கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் மூன்றின் மாற்றத்தை மட்டும் வைத்து 1972க்கும் 1992க்கும் இடையே ஆண்களின் இதயநோய்ச் சாவு எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று எர்க்கி வார்த்தியாய்னென் முதலானோர் கணக்கிட்டார்கள்: 44 சதவீதம். உண்மையில் குறைந்தது 55. பெண்களில் கணக்கு 49, நடந்தது 68. இந்த இருபது ஆண்டுகளில் பெரும்பகுதிக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளே சந்தையில் இல்லை; முதல் ஸ்டாட்டின் 1987இல்தான் வந்தது. 1982 முதல் 1997 வரையிலான வீழ்ச்சியைப் பிரித்துப் பார்த்த இன்னொரு பகுப்பாய்வு, சிகிச்சை மேம்பாட்டுக்கு 23 சதவீதப் பங்கும், ஆபத்துக் காரணிகள் குறைந்ததற்கு 53 முதல் 72 சதவீதம் வரை பங்கும் கொடுத்தது.

பரம்பரை வாதமும் இங்கே அடிபட்டது. கிழக்குப் பின்லாந்தியரிடம் கொலஸ்ட்ராலைக் கூட்டும் சில மரபணு மாற்றங்கள் மிகுதி என்பது மெய். அவற்றில் ஒன்றுக்கு வட கரேலியாவின் பெயரே உண்டு. எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னது வெறும் சாக்கு அல்ல. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு மக்கள்தொகையின் மரபணு மாறுவதில்லை. 2007இல் ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 6.9இலிருந்து 5.4ஆகவும், இரத்த அழுத்தம் 138/83ஆகவும், புகைப்போர் 31 சதவீதமாகவும் இறங்கியிருந்தன.

உணவு மாறினால் ஊரின் சராசரி கொலஸ்ட்ராலும் மாறும் என்ற இந்தப் படிப்பினை மொரீஷியஸ் வரை போனது. தமிழ் வம்சாவளியினரும் வாழும் அந்தத் தீவில், பங்கீட்டு எண்ணெயில் பெரும்பகுதியாக இருந்த பாமாயிலை அரசு 1987இல் சோயா எண்ணெய்க்கு மாற்றியது. ஐந்தாண்டில் சராசரி கொலஸ்ட்ரால் 5.5இலிருந்து 4.7ஆக இறங்கியது. அந்த ஆய்வை எழுதியவர்களில் பின்லாந்தியர் பலர். எண்ணெய்ப் பீப்பாயிலேயே செய்த மாற்றம் இது. புஸ்கா குழம்புக்கும் இதற்கும் நடைமுறையில் எவ்வளவோ தூரம் என்றாலும், வேலை செய்த இடம் ஒன்றே. ஆனால் அதே ஐந்தாண்டில் மொரீஷியஸ் மக்களின் உடற்பருமன் கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வட கரேலியாவிலும் எல்லாக் கோடுகளும் இறங்கவில்லை. திட்டம் 1997இல் முறைப்படி முடிந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளப்பது தொடர்ந்தது. உடல் எடை காலப்போக்கில் ஏறியது. 1972இல் பத்தில் ஒரு பெண் புகைத்தார். பிற்பாடு அது ஐந்தில் ஒன்று ஆனது. 2007க்கும் 2012க்கும் இடையே, நாற்பதாண்டுகளில் முதல்முறையாகக் கொலஸ்ட்ரால் சற்று ஏறியது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை மோஸ்தராகி, வெண்ணெய் மறுபடி கடை முகப்புக்கு வந்திருந்த ஆண்டுகள் அவை. மேசையில் நிறைகொழுப்புப் பொருட்கள் கூடியதை உணவுக் கணக்கெடுப்பும் காட்டியது. 2017 அளவையில் கொலஸ்ட்ரால் திரும்ப இறங்கியது. இறப்பு விகிதம் இந்த ஏற்ற இறக்கத்தில் அசையவில்லை. கொலஸ்ட்ரால் இன்று ஏறினால் தமனி அடைபடப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், அந்த ஐந்தாண்டின் விலை என்னவென்று பதிவேடுகள் சொல்ல இன்னும் காலம் வேண்டும்.